லெ குவினை எந்த நாவலில் தொடங்கலாம்? ஏற்காடு வாசிப்புக் கூட்டத்துக்காக ஒரு சண்டை

மலைப்பாதை: அறிவியல் புனைகதை, மாயாஜாலக் கதை ரெண்டும் எழுதின அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின்னு முடிவாயிருச்சு, எந்த நாவல்னுதான் பாக்கி. என் ஓட்டு 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' (1969). பனி மூடின ஒரு கிரகத்துக்குப் போற தூதரோட கதை. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா விருது ரெண்டும் வாங்கினது.

குகை: புதுசா வர்றவங்க பாதியில கழண்டுக்குவாங்க. 2, 4, 9, 12, 17-ஆம் அத்தியாயம் அஞ்சும் அந்தக் கிரகத்துப் பழங்கதை, மறைநூல். 6-ல கதை சொல்ற 'நான்' தூதர் ஜென்லி ஆய் இல்ல, அந்தக் கிரகத்து அரசியல்வாதி எஸ்ட்ராவென். 9-ல வர்ற எஸ்ட்ராவெனோ பழங்கதையில இருக்கிற வேற ஆள்! 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' (1968) கொடுங்க. மந்திரவாதியாகுற கெட்னு ஒரே பையன், நேரா போற கதை.

மலைப்பாதை: இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றவங்களுக்கு இருபது அத்தியாயம் பாரமா? 1, 3 படிச்சதும் 7-க்குத் தாவச் சொல்லுங்க. அது ஆய்வுக் குறிப்பு: அந்தக் கிரகத்து ஜனங்களுக்கு 26 முதல் 28 நாள் சுழற்சி, அதுல சில நாள் மட்டும்தான் ஆணாவோ பெண்ணாவோ மாறுவாங்க. கதை முடிச்சு எதுவும் அதுல அவிழாது.

அஸ்தம்பட்டி வாசகி: அவிழாதுதான், ஆனா நாவல் செத்துரும் அண்ணா. எஸ்ட்ராவெனை ஜென்லி நம்பாததுக்குக் காரணமே அவரை ஆண்னு வச்சுப் பார்க்கிறதுதான். 7-ஐ முதல்லயே படிச்சவங்க ஜென்லியை விட விவரமாயிருவாங்க. அவரோட சேர்ந்து ஏமாறணும். அதுக்காக எர்த்சீக்குப் போகவும் வேண்டாம். அந்த வரிசையில ரெண்டாவது புத்தகம் டெனார்ங்கிற பொண்ணோட கதை. கெட் அதுல பாதிக்கிட்டதான் வருவார். அது மாயாஜாலக் கதை, விண்கலம் கேட்டு வர்றவங்க எத்தனை புத்தகம் காத்திருப்பாங்க?

சூரமங்கலம்: 'தி டிஸ்பொசஸ்டு' (1974)? ரெண்டு உலகத்துல நடக்கிற கதை: ஒற்றைப்படை அத்தியாயம் பெரும்பாலும் யூரஸ், இரட்டைப்படை அனாரஸ், 13 மட்டும் திரும்பிப் போற கப்பல். இரட்டைப்படையை முதல்ல முடிச்சா கால வரிசை சரியா வந்துரும்.

அஸ்தம்பட்டி வாசகி: வரிசை வரும், சுவாரசியம் போயிரும். முதல் அத்தியாயத்துல நாயகன் ஷெவெக் அனாரஸ்ல கப்பலேறும்போது சொந்த ஜனமே கல் எறியுது. ஏன்னு தெரியாம படிக்கிறதுதான் அடுத்த அத்தியாயங்களை இழுத்துட்டுப் போகும்.

குகை: சரி, பனி நாவல் 'லெஃப்ட் ஹேண்ட்'டே இருக்கட்டும். கூடாரம், சறுக்கு வண்டி, சமையலுக்கும் குளிருக்கும் வெளிச்சத்துக்கும் ஒரே அடுப்புன்னு ரெண்டு பேர் பனிப்பாளத்தைக் கடக்கிற 15 முதல் 18 வரைக்கும் எனக்கும் உயிர். ஆனா எல்லார் பிரதியிலயும் பென்சில்ல குறிச்சுக் கொடுங்க: 6, 11, 14, 16 எஸ்ட்ராவென் பேசுறது. 9-ஆம் அத்தியாயத் தலைப்புக்கு மேல 'இது வேற ஆள்'னு எழுதிருங்க.

மலைப்பாதை: குறிச்சிரலாம். 7-ஆம் அத்தியாய விஷயத்தை மட்டும் நான் இன்னும் ஒத்துக்கல.