வெளிநாட்டில் பிடிபட்டால் முதல் போன் யாருக்கு?

தாராவி குமார்:
எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஏசி மெக்கானிக். லீவு முடிந்து போன வாரம் வளைகுடாவுக்குத் திரும்பினான். குருமாவுக்கு ஆகும் என்று அவன் அம்மா கால் கிலோ கசகசாவைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக் கொடுத்திருக்கிறார். அமீரகத்தைப் போல அந்த நாட்டிலும் கசகசா தடை; அபினிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஏர்போர்ட்டிலேயே பிடித்துவிட்டார்கள். அரபியில் ஒரு தாளை நீட்டினார்களாம், கையெழுத்துப் போட்டுவிட்டான். சித்தப்பா ஏஜென்ட்டைப் பிடி என்கிறார், அக்கா தூதரகத்துக்கு எழுது என்கிறாள். எதை முதலில் செய்வது?

செம்பூர் ரவி:
தூதரகத்தை நம்பி உட்கார வேண்டாம் தம்பி. 2016-ல் என் மச்சான் மாட்டியபோது ஒன்பது நாள் போன் போட்டோம், "பார்க்கிறோம்" என்ற ஒரே பதில்தான். கம்பெனி பி.ஆர்.ஓ. (விசா, அரசாங்க ஆபீஸ் வேலைகளைப் பார்ப்பவர்) அரபி தெரிந்தவர், அவர்தான் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வருவதுதான் சீக்கிர வழி.

மாட்டுங்கா வித்யா:
ரவி அண்ணா, போதைப்பொருள் வழக்கில் ஒப்புக்கொள்வது டிராஃபிக் அபராதம் கட்டுவது மாதிரி இல்லை. சிறையும் வரலாம், அதற்கு மேல் நாடு கடத்தலும் வரலாம். அந்த பி.ஆர்.ஓ.வுக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. நாளைக்கே கம்பெனி பையனின் விசாவை ரத்து செய்தால் அவர் யார் பக்கம் நிற்பார்?

1963-ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவைப் பாருங்கள். கைதானவர் கேட்டால் தாமதமில்லாமல் அவர் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும். இப்படி ஓர் உரிமை இருப்பதை அவரிடமும் சொல்ல வேண்டும். பாகிஸ்தான் உளவாளி என்று பிடித்துவைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் அந்த நாடு இதைத்தான் மீறியது என்று 2019 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பையன் வாய் திறந்து கேட்க வேண்டும். பயத்தில் நம் பிள்ளைகள் கேட்பதே இல்லை, அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

செம்பூர் ரவி:
ஜாதவுக்காக அரசாங்கமே ஹேக்கில் இருக்கும் அந்த சர்வதேச நீதிமன்றம் வரை போனது. தாராவி மெக்கானிக்குக்காக யார் போவார்கள்?

மாட்டுங்கா வித்யா:
யாரும் போக மாட்டார்கள், சரி. தூதரகம் அவனுக்காக வழக்கு நடத்தாது, வெளியே எடுத்தும் விடாது. ஆனால் அதிகாரி நேரில் போய்ப் பார்க்கலாம், வக்கீலுக்கு ஏற்பாடு செய்யலாம். வசதியில்லாதவர்களின் ஆரம்பச் சட்டச் செலவுக்கு 2009-ல் தொடங்கிய இந்திய சமூக நல நிதி இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் பாஸ்போர்ட் எண், பிடிபட்ட நாள், இடம் எல்லாம் போட்டுப் பதிவு செய்தால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு தினமும் கேளுங்கள். ஒன்பது நாள் வெறும் போன் போட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது அண்ணா.

ஆன்டாப் ஹில் செல்வம்:
நான் சிங்கப்பூரில் பதினொரு வருஷம் இருந்தவன். இரண்டு பேருமே அந்தக் கையெழுத்தை விட்டுவிட்டீர்கள். நம் ஊரில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதே நினைப்பில் அங்கேயும் கையெழுத்துப் போடுகிறார்கள். சிங்கப்பூரில் மிரட்டாமல் வாங்கிய வாக்குமூலம் செல்லும். பையில் போதைப்பொருள் இருந்தால் அது என்னவென்று உனக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. தெரியாது என்று நிரூபிப்பது உன் பொறுப்பு. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு வரை போகும்.

வளைகுடா சட்டம் வேறு, அதை அங்குள்ள வக்கீல்தான் சொல்ல வேண்டும். அவர் வரும்வரை பையன் புரியாத தாள் எதிலும் இனி கையெழுத்துப் போடக் கூடாது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கட்டும். அப்புறம், கசகசாவை எந்தக் கடையில் வாங்கினீர்கள்? பில் இருக்கிறதா? மும்பையில் இது சாதாரண மளிகைச் சாமான் என்று காட்ட அது உதவும்.

தாராவி குமார்:
பில் இருக்கிறது அண்ணே! அம்மா அரிசி டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தார். மஞ்சள் தூள், சோம்பு, கசகசா 250 கிராம், தேதி எல்லாம் தெளிவாக இருக்கிறது. அக்கா இப்போதுதான் 'மதத்'தில் பதிவு செய்தாள்.

செம்பூர் ரவி:
செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு வெள்ளிக்கிழமை, அங்கே ஆபீஸ் எல்லாம் மூடியிருக்கும். பி.ஆர்.ஓ. நம்பர் இருந்தால் இன்று ராத்திரியே கூப்பிடுங்கள். பையனைக் கண்ணால் பார்த்து, சாப்பிட்டானா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.