எச்சில் சித்தப்பாவுடையது, காசு அத்தைமாருடையது

பாம்பனிலிருந்து:

எங்கள் தாத்தாவின் அண்ணன் 1964 புயலுக்கு முன்பே இலங்கையில் தலைமன்னார் போய்த் தங்கிவிட்டார். அந்த டிசம்பரில் தனுஷ்கோடியோடு எங்கள் தகரப்பெட்டியும் போனது. கடிதம், போட்டோ எதுவும் மிஞ்சவில்லை. அவர் வழி வந்தவர்களைத் தேடி, கடைசியில் டிஎன்ஏ பக்கம் போனேன். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது; மகளான எனக்குக் கிடையாது. அப்பாவும் இல்லை. சித்தப்பாவைப் பிடித்தேன்.

அவர் வாயில் எந்நேரமும் வெற்றிலை. கன்னத்தின் உட்புறம் தேய்த்த முதல் குச்சி சிவப்பாக வந்தது. இருந்ததே இரண்டு. கொப்பளிக்கவைத்து, அவர் வலை பின்னும் இடத்திலேயே ஒரு மணி நேரம் காவல் இருந்து அடுத்ததை எடுத்தேன்.

ஒய்-யில் ஒப்பிட்டுப் பார்க்கும் அடையாளங்களைக் குறி என்பார்கள். சித்தப்பாவின் 37 குறிகளில் 36, டொராண்டோவில் ஒருவரோடு ஒத்துப்போயின. அவருக்குப் பூர்வீகம் தலைமன்னார் இருக்கும் அதே மன்னார்த் தீவில் பேசாலை! வீடே துள்ளியது. ஆனால் எத்தனை தலைமுறைக்கு முந்திய உறவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒய்-யை இன்னும் விரிவாகப் படிக்கும் பிக் ஒய்-700 சோதனை வேண்டும். அப்போது ஆளுக்கு 400 டாலருக்கு மேல் ஆனது. அவரும் செய்தால்தான் ஒப்பிடலாம். அவர் கைவிரித்துவிட்டார். சரி, இரண்டு செலவும் எங்கள் தலையில்.

ஆண்கள் "பார்ப்போம்" என்றார்கள். அத்தைமார் நாலு பேரும் போட்டார்கள். சின்னப்பாலத்து அத்தை கடலில் எடுத்த மரிக்கொழுந்துப் பாசி விற்ற காசில் 3,000 கொடுத்துவிட்டு, மொய் நோட்டில் தன் பெயரைத் தானே எழுதினார். அவர்களிடமும் அந்த ஒய் இல்லை. மிச்சத்துக்கு என் வளையல் அடகுக்குப் போனது.

பிக் ஒய்-யில் சராசரியாக 80 ஆண்டு சொச்சத்துக்கு ஒரு புது மாற்றம் தென்படும். இருவரும் பிரிந்தபின் சித்தப்பா பக்கம் நாலு, அவர் பக்கம் நாலு. அப்படியானால் 300 ஆண்டுக்கு முந்திய உறவு. தொலைந்த பெரிய தாத்தாவின் வழி இவரில்லை. சின்னப்பாலத்து அத்தை இந்த முடிவைக் கேள்விப்பட்டதும், "அப்போ இன்னும் யாருக்குக் காசு போடணும்?" என்றார்.

தேவிபட்டினத்திலிருந்து:

இதே மாதிரிச் சோதனைக்குக் காசு கேட்டதும் எங்கள் பெரியப்பா மடக்கிவிட்டார். "மதுரைப் பக்கம் ஜோதிமாணிக்கத்தில் ஒருத்தருக்கு எம்130-ன்னு ஒய்-யில ஒரு பழைய குறி பார்த்தாங்களே, அவர்கிட்ட காசா வாங்கினாங்க?" அது காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் செய்த ஆராய்ச்சி, இது நம்ம ஆசை என்று விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. அப்புறம் பாதிக் காசு கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: தங்கை கல்யாணம் முடியும்வரை முடிவு சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது. கல்யாணம் தையில். பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது.