மினி பிசி ரவுட்டர்ல 2.5ஜி கார்டு: வைஃபை ஸ்லாட் போதுமா?

அல்சூர்_லேன்: பழைய செலரான் மினி பிசியில ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ் ஓஎஸ்) ஓடுது. ரெண்டு ஜிகாபிட் போர்ட்தான். நாஸுக்கு (நெட்வொர்க்ல இருக்குற ஃபைல் சேமிப்புப் பெட்டி) வேகம் பத்தல. வைஃபை கார்டைக் கழட்டிட்டு அந்த எம்.2 ஏ+ஈ ஸ்லாட்ல (வைஃபை கார்டுக்கான சின்ன ஸ்லாட்) 2.5ஜி, அதாவது 2.5 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு போடலாமா? எஸ்.பி. ரோடு (பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்) போறதுக்கு முன்னாடி எந்த சிப்னு முடிவு பண்ணணும்.

கம்பிவலை: கார்டு வாங்குறதுக்கு முன்னாடி ஸ்லாட்டைப் பாருங்க. வைஃபை கார்டு உள்ள இருக்கும்போதே எல்எஸ்பிசிஐ (போர்டுல இருக்குற கார்டுகளைப் பட்டியல் போடுற கமாண்ட்) ஓட்டுங்க. வைஃபை 01:00.0, 02:00.0 மாதிரி தனி பஸ்ல வந்தா ஸ்லாட்டுக்கு பிசிஐஇ (கார்டு போர்டோட பேசுற இணைப்பு) வருது. 00:14.3னு வந்தா அது சிஎன்விஐ. ரேடியோ வேலையில பாதி பிராசசருக்குள்ளேயே நடக்குது, ஸ்லாட்ல பிசிஐஇ லேன் (டேட்டா போற பாதை, நெட்வொர்க் லேன் இல்ல) இல்லாமலே இருக்கலாம். அப்படிப்பட்ட போர்டுல 2.5ஜி கார்டைச் சொருகினா ஒண்ணுமே தெரியாது, கார்டு மேல பழி போகும்.

பிசிஐஇ லேன் இருந்தா அதோட லிங்க் ஸ்பீடையும் பாருங்க. 5ஜிடி (லிங்க் வேகத்தோட அளவு) ஒரு லேன்னா ஒவ்வொரு திசையிலும் 4 ஜிபிபிஎஸ், தாராளம். 2.5ஜிடின்னா 2 ஜிபிபிஎஸ்தான், கார்டோட முழு வேகம் வராது.

பாக்கெட்_பெங்களூரு: சிப் ரியல்டெக் 8125பி எடுங்க. ஆர்8169 டிரைவரோட அதுக்கான ஃபர்ம்வேர் பேக்கேஜையும் முன்னாடியே இன்ஸ்டால் பண்ணுங்க. ஓப்பிஎன்சென்ஸ் (இன்னொரு ரவுட்டர் ஓஎஸ்) போடுற எண்ணம் இருந்தா ரியல்டெக் பிளகின் தனியா போடணும், இல்லேன்னா இன்டெல் ஐ226 நிம்மதி.

கார்டுல இருந்து ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிள் சொருகுற) போர்டுக்குப் போற ரிப்பன் கேபிளை மூடிக்கு அடியில மடிச்சு நசுக்காதீங்க. லிங்க் 1ஜிக்கோ 100 எம்பிக்கோ இறங்குறதுக்கு முதல்ல சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். கழட்டின ஆன்டெனா வயர் முனைக்கு டேப் சுத்துங்க, போர்டுல பட்டா ஷார்ட் ஆகும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம்: புது கார்டு ஏறினதும் ஈத்0, ஈத்1னு வர்ற போர்ட் பெயர்களோட வரிசை மாறலாம். லேன் (உள் நெட்வொர்க்) பிரிட்ஜ் வான் (இன்டர்நெட் பக்க) போர்ட்ல போய் உக்காந்தா உள் நெட்வொர்க் வெளியில திறந்துடும். பேக்கப் எடுத்து, ஐஎஸ்பி கேபிளைப் பிடுங்கி, மானிட்டர் மாட்டி, மேக் அட்ரஸ் (ஒவ்வொரு போர்ட்டோட தனி அடையாள எண்) பார்த்து ஒவ்வொண்ணா ஒதுக்குங்க.

அல்சூர்_லேன்: 00:14.3தான் காட்டுது.

கம்பிவலை: அப்போ ரியல்டெக் 8156பி யூஎஸ்பி அடாப்டர், யூஎஸ்பி 3 போர்ட்ல. ஆர்டிஎல்8152 டிரைவர் பேக்கேஜ் போதும். லேன் பக்கம் மட்டும் வைங்க. யூஎஸ்பி ரீசெட் ஆனா இன்டர்நெட் விழக்கூடாது. ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகம் அளக்குற கருவி) சோதனையை ரவுட்டர்லயே ஓட்டாம, நாஸுக்கும் பிசிக்கும் நடுவுல ரவுட்டர் வழியா ஓட்டுங்க. ரெண்டு முனையிலும், அது ரெண்டும் சொருகுற ரவுட்டர் போர்ட்லயும் 2.5ஜி இருக்கணும் (உங்க பெட்டியில அதுக்கு ரெண்டு அடாப்டர் வேணும்), இடையில சுவிட்ச் இருந்தா அதுவும். 2.35 ஜிபிபிஎஸ் பக்கம் வரணும். குறைஞ்சா பாக்கெட் ஸ்டீரிங்கை (பாக்கெட் வேலையைப் பல சிபியு கோர்களுக்குப் பிரிக்கிற அமைப்பு) ஆன் பண்ணிப் பாருங்க.