சின்ன ஊரில் சீனக் குடும்பக் கடை: பணம், இடம், அடுப்பு எப்படி அமைகின்றன?

வழிப்போக்கன் (கேள்வி)

அமெரிக்காவில் ஐயாயிரம் பேர் வாழும் ஊரில்கூட ஒரு சீன டேக்-அவுட் (பார்சல் சாப்பாட்டு) கடை இருக்கிறது. அப்பா அடுப்படியில், அம்மா கல்லாவில், பிள்ளை கவுண்டர் ஓரமாக வீட்டுப்பாடத்தோடு. மெனுவும் எங்கே போனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆங்கிலம் தெரியாத, வங்கிக் கடன் கிடைக்காத குடும்பம் இதை எப்படித் தொடங்குகிறது? அதுவும் ஏன் சாப்பாட்டுக் கடை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏடு

சமையல் ஆசையால் வந்த தொழில் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம்தான் அவர்களை இங்கே தள்ளியது. 1882-ல் வந்த சீனர் விலக்குச் சட்டம் கூலித் தொழிலாளர்களை உள்ளே விடவில்லை. வணிகர் போன்ற சிலருக்கே வழி இருந்தது: வணிகர் சீனா போய்த் திரும்பலாம், மனைவி மக்களை அழைத்து வரலாம். 1915-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக முதலாளியையும் வணிகராக ஏற்றது.

நிபந்தனைகள் கடுமை. கடை உயர்தரமாக இருக்க வேண்டும். முதலாளி குறைந்தது ஒரு வருடம் நிர்வாகம் மட்டுமே பார்த்திருக்க வேண்டும். கரண்டி பிடித்தாலோ தட்டு ஏந்தினாலோ கூலியாள் ஆகிவிடுவார். வெள்ளையர் இருவர் சாட்சி சொல்ல வேண்டும். தனி ஆளால் அவ்வளவு பெரிய கடை போட முடியாது. அதனால் உறவினரும் ஊர்க்காரருமாகப் பலர் பங்கு போட்டு ஒரே கடையைத் திறந்தார்கள். மேலாளர் பொறுப்பை ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். முறை முடிந்தவர் வணிகர் தகுதியோடு ஊருக்குப் போய்க் குடும்பத்தைக் கூட்டி வருவார். இந்த அறிவுக்கூர்மையை நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

1943-ல் சட்டம் நீங்கியும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகே கதவு நன்றாகத் திறந்தது. நீங்கள் பார்க்கும் டேக்-அவுட் கடைகளில் பெரும்பகுதி 1980-களிலிருந்து வந்த ஃபூஜியன் மாகாணத்து ஃபூச்சோ பகுதிக்காரர்களுடையது. 1993 ஜூனில் கோல்டன் வென்ச்சர் கப்பல் 286 பேரோடு நியூயார்க் கரையில் தரைதட்டி 10 பேர் இறந்தார்களே, அவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தவர்கள். அன்றைக்கே ஆளுக்குச் சுமார் 30,000 டாலர் கடத்தல் கட்டணம். பிறர் சமையலறையில் பல வருடம் உழைத்து அந்தக் கடனை அடைத்த பிறகே சொந்தக் கடை.

ஏலச்சீட்டு

கடை போட முதல் திரட்டும் முறைக்குப் பெயர் 'ஹுய்'. நம் ஏலச்சீட்டுக்கு அண்ணன் தம்பி முறை. 20 பேர், மாதம் 1,000 டாலர் என்று வையுங்கள். முதல் மாதத் தொகை முழுவதும் சீட்டு நடத்துபவருக்கு, வட்டியில்லாமல். அதற்கு ஈடாக, யார் ஓடினாலும் அவர்தான் கட்ட வேண்டும்.

இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். மூன்றாம் மாதம் ஒருவர் 120 டாலர் தள்ளி எடுக்கிறார் என்றால், ஏற்கெனவே எடுத்த இருவர் முழு 1,000 தருவார்கள். இன்னும் எடுக்காத 17 பேர் 880 வீதம் தருவார்கள். கையில் வருவது 2,000 + 14,960 = 16,960. நம் சீட்டிலிருந்து வேறுபடும் இடம் இதுதான்: நம் ஊரில் தள்ளிய பணம் எடுத்தவர் எடுக்காதவர் எல்லாருக்கும் பிரியும், அங்கே எடுக்காதவருக்கு மட்டுமே லாபம். அதனால் கடைசிவரை பொறுப்பவருக்கு நல்ல வட்டி.

ஒரே ஆள் தொடர்ந்து மிக அதிகமாகத் தள்ளிக் கேட்டால் அவர் கழுத்துவரை கடனில் இருக்கிறார் என்று அர்த்தம். ஒரு சீட்டை எடுத்து இன்னொரு சீட்டுக்குக் கட்டுபவர் விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். பெரும்பாலும் எழுத்து ஆதாரம் இருக்காது. ஒரே ஊர், ஒரே குலம் என்ற பிடிமானம்தான் ஜாமீன்.

அடுப்படி

இடத்தைப் பற்றி நான். புதுக் கட்டடத்தில் தொடங்கினால் பணத்தை விழுங்குவது புகை இழுக்கும் ஹூட்டும் கூரைவரை போகும் குழாயும். வீட்டு அடுப்பில் ஒரு பர்னரின் வெப்பம் மணிக்குச் சுமார் 10,000 பி.டி.யு. (வெப்ப அலகு); வோக் என்ற குழிந்த சீனச் சட்டிக்கான அடுப்பில் ஒரு குழிக்கே 1,00,000 அல்லது அதற்கு மேல். அவ்வளவு எண்ணெய்ப் புகையைச் சாதாரண விசிறி தாங்காது. ஆகவே ஏற்கெனவே சீனக் கடை நடந்த இடத்தையே தேடுவார்கள். சீனப் பத்திரிகை விளம்பரத்தில் பார்த்து, அடுப்பு, ஹூட், பெயர்ப்பலகை, தொலைபேசி எண் எல்லாவற்றையும் சேர்த்து வாங்குவார்கள். எண் முக்கியம், ஊர்க்காரர் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் மெனுவில் அந்த எண்தான் இருக்கிறது.

விற்பவர் சொல்லும் வரவை நம்பக் கூடாது. ஒரு வாரம் கடையிலேயே நின்று பார்க்க வேண்டும். அரிசி மூட்டை, சிக்கன் பெட்டி, காகிதப் பெட்டி வாங்கிய ரசீதுகளை எண்ணினால் உண்மை வெளியே வரும். லீஸ் இன்னும் எத்தனை வருடம், கைமாற்ற அனுமதி உண்டா என்பதை முன்பணம் கொடுக்கும் முன் பாருங்கள். ஹூட் இழுக்கும் அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வராவிட்டால் வாசல் கதவு திறக்கவே கனக்கும், அடுப்புச் சுவாலை தடுமாறும். கதவைத் தள்ளிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். வோக் சமையல் நடக்கும் இடத்தில் ஹூட் குழாயை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். படிந்த எண்ணெயை விட்டால் தீ கூரைக்குப் போகும்.

ஆள் வேண்டுமென்றால் நியூயார்க் சைனாடவுன் வேலை முகமைகள் இருக்கின்றன. அங்கே சுவரில் ஒட்டிய வேலை அறிவிப்பில் ஊர்ப் பெயர் பெரும்பாலும் இருக்காது. தொலைபேசிப் பகுதி எண், வேலை, மாதச் சம்பளம் மட்டும். பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

வழிப்போக்கன்

மிக்க நன்றி. நூறு அயிட்டம் உள்ள மெனுவை இரண்டு மூன்று பேர் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அடுப்படி

நூறு என்பது எண்ணிக்கைதான். சிக்கன், மாடு, பன்றி, இறால் என நான்கு, சாஸ் மூன்று நான்கு, காய் ஏழெட்டு. மாற்றி மாற்றிச் சேர்த்தால் நூறு. எல்லாக் கடையிலும் இதே மெனு என்பதால் முகமை அனுப்பும் ஆள் முதல் நாளே வேலை செய்வார்.

காலையில் கறி தயார். மாட்டுக்கறி அரை கிலோவைத் தசைநாருக்குக் குறுக்கே மெல்லியதாக வெட்டி, முக்கால் தேக்கரண்டி ஆப்ப சோடா பிசறி அரை மணி நேரம் வைத்து, நன்றாகக் கழுவி, நீரை ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு சோயா சாஸ், கார்ன்ஃப்ளார் ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. மிதமான சூட்டு எண்ணெயில் அரை நிமிடம் விட்டு எடுத்துவிட்டால், ஆர்டர் வந்ததும் வோக்கில் ஒரு நிமிட வேலை. கழுவாமல் விட்டால் சோப்புச் சுவை வரும்; ஒரு மணி நேரம் ஊறினால் கறி மாவாகும்.

சோறுதான் ஆபத்தான இடம். ஃப்ரைடு ரைஸுக்கு முந்தின நாள் சோறு வேண்டும் என்பதற்காகக் குக்கரிலேயே இரவு முழுவதும் விட்டால் பேசிலஸ் கிருமி விஷத்தை உண்டாக்கும். மறுபடி வறுத்தாலும் அது போகாது. அகலத் தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் பரப்பி, 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5-க்கும் இறக்க வேண்டும். சுகாதாரப் பரிசோதகர் வெப்பமானியை அந்தச் சோற்றில்தான் குத்துவார். அவர் கேட்பதை அப்பாவுக்கு மொழிபெயர்ப்பது கவுண்டர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைதான்.