பொருள்: மூளைக் குருதிக்கசிவுக்குப் பின் ‘நினைவு மீட்சி’ என்பது பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

மூளைக் குருதிக்கசிவுக்கு ஆளானவர் மெல்ல மெல்லத் தன்னிலைக்கு வருவதைக் குறிக்க ‘நினைவு மீட்சி’ முன்மொழியப்பட்டுள்ளது. ‘நினைவு தப்பியது’ என்னும்போது விழிப்பையும், ‘நினைவில் இல்லை’ என்னும்போது ஞாபகத்தையும் உணர்த்தும் அச்சொல், இந்நோயில் தவறான நம்பிக்கையை ஊட்டிவிடும் என்று அஞ்சுகிறேன்.

என் தாயார் ஐந்தாம் நாள் கண் திறந்து, சொன்னபடி கையைத் தூக்கியதும், ‘நினைவு திரும்பிவிட்டது’ என்று உறவினருக்கெல்லாம் தெரிவித்தோம். அன்றிரவே மருத்துவமனையை ஊர் வீடென்று எண்ணி, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமென்று மூக்குக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு அவர் எழ முயன்றபோது, அந்நிலையைச் சொல்ல எங்களிடம் சொல்லே இருக்கவில்லை. நோயாளியின் விழிப்புநிலையை அளக்க 1974இல் மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜெனட்டும் வகுத்த கிளாஸ்கோ அளவுகோலில் இத்தகையவருக்குக் கண் திறப்புக்கு 4, அசைவுக்கு 6, குழம்பிய பேச்சுக்கு 4 என 14 கிடைக்கும். முழு அளவான 15க்கு ஒன்றுதான் குறைவு. அந்த ஒன்றைக் கடக்க வாரக்கணக்கில் ஆகலாம்.

இந்தக் குழம்பிய நிலைக்கு மற்றொரு நண்பர் தந்த ‘மருட்சி’ செறிவான சொல். மருள் (மயக்கம்), தெருள் (தெளிவு) என்ற இணை பழமையானது. ‘தெருளாதான்’ என்று குறளும் (249) ஆள்கிறது. ஆயினும் மருள் வந்து ஆடும் வழக்கமுள்ள ஊர்களில், பிதற்றும் நோயாளியைப் பற்றி அச்சொல்லை ஆள நான் துணியமாட்டேன்.

குழம்பிய நிலைக்கு ‘நனவுக் கலக்கம்’, அதிலிருந்து தன்னிலைக்கு வருவதற்கு ‘நனவு தெளிதல்’ என்ற இணையை முன்வைக்கிறேன். உளவியலில் ‘நனவிலி’ (அன்கான்ஷியஸ்) நிலைபெற்றுவிட்டதால் நனவு புதிதன்று. கலக்கம் துயரத்தையும் குறிக்குமே என்று கேட்கலாம்; ஆனால் கண் திறந்திருந்தும் இடமும் பொழுதும் பிடிபடாத நிலையைத்தான் ‘தூக்கக் கலக்கம்’ என்கிறோம். ‘மயக்கம் தெளிந்ததா?’ என்பதோ எல்லாரும் கேட்கும் கேள்வி; ஆகவே தெளிதலும் புதிதன்று.

மேலும், தெளிந்த நீர் மறுபடி கலங்கக்கூடியது. மூளை வீங்குவதாலோ, மூளை அறைகளில் நீர் தேங்குவதாலோ, குருதியில் சோடியம் குறைவதாலோ தெளிந்தவரும் மீண்டும் கலங்கலாம். ‘மீட்சி’ முடிந்துபோன ஒன்றை உணர்த்துகிறது. ‘காலையில் தெளிவாக இருந்தவர் இப்போது கலங்கியிருக்கிறார்’ என்று உறவினர் செவிலியரிடம் உடனே சொல்ல இவ்விணை உதவும்.

இடம், பொழுது, ஆள் ஆகியவற்றை அறிந்திருக்கும் ஓரியன்டேஷனுக்கு ‘நோக்குநிலை’ எனக்கு நிறைவு தரவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.