இர்விங் பென் எடுத்த தொழிலாளர் படங்கள்: நான் எங்கே தவறுகிறேன்?

சாம்பல்திரை:
வணக்கம். ஆறு மாதமாக எங்கள் தெருவில் வேலை செய்கிறவர்களைப் படம் எடுத்து வருகிறேன். தையற்காரர், சாவி போடுகிறவர், பூக்கட்டும் அம்மா. 1950, 51இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் பாரிஸ், லண்டன், நியூயார்க் மூன்று ஊர்களிலும் தொழிலாளர்களை எடுத்த ‘ஸ்மால் டிரேட்ஸ்’ (சிறு தொழில்கள்) வரிசையைப் பார்த்ததில் இருந்து பிடித்த ஆசை இது. வெறும் திரைக்கு முன்னால் ஒரு கசாப்புக்காரர் அப்படி நிமிர்ந்து நிற்கிறார்! நானும் ஜன்னலோரமாகச் சாம்பல் துணி கட்டி, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க எதிர்ப்பக்கம் தெர்மாகோல் வைத்து எடுக்கிறேன். எல்லாம் ரேஷன் கார்டு படம் மாதிரி வருகிறது. போன வாரம் இஸ்திரி போடும் அண்ணனை வரச் சொன்னேன். குளித்து, ஷேவ் செய்து, புது வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. லென்ஸை மாற்ற வேண்டுமா?

பழையரோலி:
தம்பி, லென்ஸை விடுங்கள். நீங்கள் இணைத்த நான்கு படங்களையும் பார்த்தேன். நான்கையும் மார்போடு வெட்டியிருக்கிறீர்கள். பென் அந்த வரிசையில் பெரும்பாலும் தலை முதல் செருப்புவரை காட்டுவார். தொழில் ஒருவருடைய முகத்தில் மட்டுமா இருக்கிறது? நிற்கிற நிலையில், கால் அகட்டலில், கையில் பிடித்திருக்கும் சாமானில் இருக்கிறது.

அடுத்தது கேமரா உயரம். அவர் வைத்திருந்தது ரோலிஃபிளெக்ஸ். மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா என்பதால் வயிற்று உயரத்தில் நிற்கும். நீங்கள் கண்ணுக்கு நேரே பிடிக்கிறீர்கள், ஆள் குட்டையாகிவிடுகிறார். தெர்மாகோலையும் எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் இருட்டட்டும்.

பாரிஸில் அவருக்குக் கிடைத்த இடம் வோஜிரார் தெருவில் பழைய புகைப்படப் பள்ளி ஒன்றின் மேல்மாடி. வந்தவர்கள் எல்லோரும் படியேறித்தான் வர வேண்டும். வெளிச்சம் ஜன்னல் வெளிச்சம்தான். பின்னால் தொங்கியது ஒரு பழைய நாடகத் திரை. அதே திரையின் முன்னால், அதே வெளிச்சத்தில், அதே நாட்களில் அவர் வோக் என்ற ஃபேஷன் பத்திரிகைக்காக பாரிஸின் விலையுயர்ந்த உடைகளையும் எடுத்துக்கொண்டிருந்தார். அணிந்து நின்றவர்களில் ஒருவர் லிசா ஃபான்சாகிரீவ்ஸ், 1950இலேயே பென்னை மணந்தவர். கசாப்புக்காரருக்கென்று தனி வெளிச்சம் வைக்கவில்லை. நான் முப்பது வருடமாகப் படம் எடுக்கிறேன், அந்த இரண்டு வகைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இன்னமும் நெஞ்சு அடைக்கிறது.

இஸ்திரிக்காரர் விஷயம் பென்னுக்கும் நடந்தது! லண்டன்காரர்கள் வேலை உடையில் வருவதை இயல்பாக எடுத்துக்கொண்டார்களாம். பாரிஸ்காரர்களுக்கு, இந்த ஆள் நிஜமாக எதற்குக் கூப்பிடுகிறான் என்ற சந்தேகம். நியூயார்க்கில் சிலர், சொல்லியும் கேட்காமல், ஷேவ் செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை சூட்டில் வந்து நின்றார்களாம். அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். அந்த அண்ணனுக்குக் காசு கொடுத்தீர்களா? அரை நாள் வேலையை விட்டு வந்திருப்பார். 1948 டிசம்பரில் பென் பெருவின் குஸ்கோ ஊருக்குப் போய், அங்கே ஒரு உள்ளூர் ஸ்டூடியோவை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தார். கிறிஸ்துமஸ் படம் எடுத்துக்கொள்ளக் காசோடு வந்த மலைக் கிராமத்துச் சனங்களுக்கு, இவர்தான் காசு கொடுத்து எடுத்தார். செருப்பில்லாத சிறுவனும் சிறுமியும் கை கோத்து நிற்கும் படம் அப்போது எடுத்ததுதான்.

நடுநிறம்:
பழையரோலி ஐயா சொன்னதோடு பிரிண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் நடந்த பென் பிறந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அந்த நாடகத் திரையையே தொங்கவிட்டிருந்தார்கள். இத்தனை பேருக்குப் பின்னால் நின்றது இதுதானா என்று அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் பிளாட்டினம் பிரிண்டுகள், அதாவது வெள்ளிக்குப் பதில் பிளாட்டினம் உப்பால் அச்சிட்டவை. 1960களில் இருந்து பென் தன் பழைய நெகட்டிவ்களை எடுத்து, அலுமினியத் தகட்டில் ஒட்டிய காகிதத்தில் கையாலேயே ரசாயனம் பூசி, திரும்பத் திரும்ப வெளிச்சம் காட்டி அச்சிட்டிருக்கிறார். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அத்தனை சாம்பல் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. போன் திரையில் பார்த்து உங்கள் படங்களோடு ஒப்பிடாதீர்கள். ஒன்றையாவது பளபளப்பில்லாத நல்ல மேட் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

சாம்பல்திரை:
ஐயா, காசு கொடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். நீங்கள் கேட்டதும் சுருக்கென்றது. நேற்று மாலை போய் அவரிடம் பேசினேன். அரை நாள் கூலி கொடுக்கிறேன், பெட்டியோடு வருகிறீர்களா என்று கேட்டேன். “கரிப் பெட்டி ஏழு கிலோ இருக்கும் தம்பி, கையில பிடிச்சிக்கிட்டே நிக்கணுமா?” என்றார். ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறார். வெள்ளைச் சட்டையில் எடுத்த படத்தையும் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார், வீட்டில் மாட்ட.