பின்னறையா, பக்கத்து அறையா?

நான்: அனைவருக்கும் வணக்கம். சாமான்கள் அடைந்து கிடக்கும் பின்னறையை ஒழித்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு அறையாக்கலாம் என்றிருக்கிறோம். பெரியவளுக்கு 4 வயது, சின்னவனுக்கு ஒன்றரை. ஒரு பெரிய பொம்மைப் பெட்டியும் சுவரில் ஓவியமும் போதுமா என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அக்கா: ஓவியம் இருக்கட்டும், முதலில் அந்தப் பெட்டியை மறந்துவிடு. எங்கள் வீட்டில் இருந்த பெட்டியை, அடியில் கிடந்த ஒரே ஒரு காருக்காக என் மகன் தினமும் கவிழ்ப்பான். கவிழ்த்ததும் காரையும் மறந்துவிட்டு, அந்தக் குவியலின் மேலேயே உட்கார்ந்துகொண்டு விளையாட ஒன்றுமே இல்லை என்று அழுவான். கனமான மூடி ஒருநாள் அவன் விரலில் விழுந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. குட்டையான திறந்த அலமாரி வைத்தால், எடுத்த இடத்தில் திருப்பி வைக்க அவர்களாகவே பழகுவார்கள்.

சித்தப்பா: அலமாரியை நானே செய்து தருகிறேன். 4 வயதுக் குழந்தை ஏறத்தாழ 100 செ.மீ. உயரம் இருக்கும் என்பதால் மேல்தட்டு 60 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. ஆனால் எவ்வளவு குட்டையாக இருந்தாலும் இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு திருகிவிட வேண்டும். அங்கே நிற்கும் இழுப்பறைப் பீரோவை அப்படியே விடாதீர்கள். இழுப்பறைகள் எல்லாவற்றையும் இழுத்தால் பாரம் முன்னுக்கு வந்துவிடும், பிள்ளை கீழ் இழுப்பறையில் காலை வைத்து ஏறினால் பீரோ அவன் மேலேயே சாயும்.

அண்ணன்: அவர்களிடம் இருக்கும் பொம்மைகளுக்கு இப்படி மூன்று அலமாரி செய்தாலும் போதாதே, சித்தப்பா.

அக்கா: எல்லாவற்றையும் ஏன் வெளியே வைக்க வேண்டும்? 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தார் சின்னவன் வயதையொத்த 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள்; பொம்மைகள் குறைவாக இருந்தபோதுதான் ஒவ்வொன்றையும் அதிக நேரம் கையில் வைத்துப் பலவிதமாக விளையாடினார்கள். ஆகையால் பாதியைப் பரணில் போட்டுவிட்டு, அலுக்கும்போது மாற்றிக்கொடு. பழைய பொம்மையையே புதிதுபோல வாங்கிக்கொள்வார்கள்.

நான்: பெரியவளின் மணிகளையும் குட்டிக் கட்டைகளையும் என்ன செய்வது, அக்கா? கண்ணை மூடித் திறப்பதற்குள் சின்னவன் வாயில் போட்டுவிடுகிறான்.

அக்கா: அவற்றை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் உன் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் வை, அவன் தூங்கும்போது அவள் மேசையில் உட்கார்ந்து விளையாடட்டும். 3 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் சுமார் 3.2 செ.மீ.; அதற்குள் முழுவதுமாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடும். பாட்டுப் பாடும் பொம்மைகளில் பட்டன் பேட்டரி இருக்கும் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும்.

அம்மா: எல்லோரும் அலமாரியைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த அறையில் நான் எங்கே உட்காருவது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகள் ஆள் இருக்கும் இடத்தில்தான் விளையாடுவார்கள். பின்னறையை எவ்வளவு அழகாக்கினாலும், கால் மணி நேரத்தில் பொம்மைகளை அள்ளிக்கொண்டு சமையலறை வாசலுக்கே வந்துவிடுவார்கள். அப்புறம் நாம் இரண்டு இடத்தையும் பெருக்க வேண்டியதுதான். சமையலறையை ஒட்டிய அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் அலுவலக மேசையைப் பின்னறைக்கு மாற்றினால் என்ன?

அண்ணன்: அம்மா சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது. அந்த அறைக்கு வெளிச்சமும் அதிகம்.

நான்: அவரிடம் இப்போதுதான் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கலாம் என்ற மகிழ்ச்சியில், மேசைக்கடியில் புகுந்து ஒயர்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அம்மா, உங்களுக்குச் சாய்வு நாற்காலி கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். சித்தப்பா, அளவெடுக்க ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா?

சித்தப்பா: காலையிலேயே டேப்போடு வந்துவிடுகிறேன். சன்னலுக்குக் கீழே மட்டும் அலமாரி வேண்டாம், ஏறி நின்று எட்டிப் பார்ப்பார்கள். மற்ற மூன்று சுவர்களில் எது என்பதை அதற்குள் முடிவுசெய்து, பிளக் பாயிண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு படம் எடுத்து அனுப்பு.